அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: எப்படித் தொகுப்பது, ஏன் அவசரப்படக் கூடாது

"31க்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு. கல்வெட்டு அடிக்க வேணும். என்ன எழுதுறது?" கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலேயே இந்தக் கேள்வியோடு மூன்று பேர் என் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நான் ஒரு இறக்குமதிக் கொம்பனியில் கணக்கெழுதுகிறவள், எழுத்தாளர் இல்லை. என் அம்மம்மாவுக்கு ஒரு புத்தகம் செய்தேன், அதை நாலு வீட்டில் எடுத்து வாசித்தார்கள், அவ்வளவுதான். மூன்று பேருக்கும் நான் சொன்ன முதல் பதில் ஒன்றே: இப்போது அடிக்க வேண்டாம்.

வெளியூர்க்காரருக்காக ஒரு வரி. கல்வெட்டு என்றால் எங்களிடம் கோவிற் சுவரில் செதுக்கியது மட்டுமல்ல. ஒருவர் இறந்த 31ஆம் நாள் கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு, மதியச் சாப்பாடு முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் கையில் கொடுத்துவிடும் சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். படம், பிறந்த இறந்த திகதி, திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், பிள்ளைகள் புலம்பல், வம்ச விருட்சம், நன்றி நவிலல். இந்த ஒழுங்கு கிட்டத்தட்ட மாறுவதில்லை.

ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் மாதத்தில் எல்லோரும் புகழ்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். எங்கள் உறவினர் வீட்டுச் சாமியறைகளில் இருந்து பதினொரு கல்வெட்டுகளை இரவல் வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் 'விருந்தோம்பலில் சிறந்து' இருந்தது. ஏழில் 'பாசத்தின் திருவுருவம்'. படங்களை மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரிய வராது.

ஆகவே 31க்கு ஒரு தாளை இரண்டாக மடித்து அடியுங்கள். படம், திகதிகள், ஒரு தேவாரம், திதி. அது போதும். புத்தகத்தை ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாம் ஆண்டு நினைவுக்கு, தள்ளி வையுங்கள். பதினொரு மாதம் கையில் கிடைக்கும். என் அனுபவத்தில் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் சனங்கள் உண்மையில் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

அந்த ஒற்றைத் தாளில் ஒரு விடயத்தில் மட்டும் பிழை விடாதீர்கள்: திதி. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று மூன்றையும் போடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளைகளில் நேரம் வேறுபடும். ஐயர் எதைப் பார்த்தார் என்று கேட்டு அதையும் ஒரு வரியில் சேருங்கள். ரொறன்ரோவில் இருக்கிற பேரன் பத்து வருடம் கழித்துத் திவசத்துக்கு நாள் பார்க்கும்போது ஆங்கிலத் திகதி அவனுக்கு உதவாது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். முதல் வேலை கடதாசிகள். அலுமாரியை ஒதுக்குகிறோம் என்று சித்திமார் கறுப்புப் பொலித்தீன் பையோடு இறங்குவதற்கு முன் நீங்கள் போய்விட வேண்டும். சேலைகளை அவர்கள் பங்கு போடட்டும். உங்களுக்கு வேண்டியது அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பர், வங்கிப் புத்தகம், அர்ச்சனைத் துண்டுகள், சாதகக் குறிப்பு, காணி உறுதி (பத்திரம்), அடையாள அட்டை.

பழைய அடையாள அட்டை இலக்கம் நன்றாகப் பேசும். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். அம்மம்மாவுடையது 36694 என்று தொடங்கும். 694இல் 500ஐக் கழித்தால் 194. எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ண வேண்டும். எண்ணினால் 1936 யூலை 12 வருகிறது. ஆனால் சாதகக் குறிப்பிலோ 'தாது வருடம் ஆவணி மாதம்' என்று கிடந்தது. தாது வருடம் என்றால் 1936 சித்திரை தொடங்கி அடுத்த பங்குனி வரை, ஆகவே வருடத்தில் பிழையில்லை. ஆவணி ஓகஸ்ட் நடுவில்தான் பிறக்கும், மாதம்தான் இடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ வாயில் வந்த திகதியைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஊகம். நான் இரண்டையும் போட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து மற்றதை மறைக்கிற உரிமை நமக்கில்லை என்று நினைக்கிறேன்.

சீதன உறுதியையும் விடாதீர்கள். வெறும் காணிக் கணக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். அம்மம்மாவின் தாய் தகப்பன் பெயர் முழுமையாக, காணியின் பெயர், நாலு எல்லையிலும் யார் யார், கிணற்றில் பங்கு உண்டா என்பதுவரை அதில் இருக்கும். அந்தக் காலத்து நொத்தாரிசின் தமிழ் கொஞ்சம் கடினம்தான், சத்தமாக வாசித்தால் பிடிபடும். கொழும்பிலிருக்கும் குடும்பங்களுக்கு இன்னொன்று: பொலிஸ் பதிவுத் துண்டு. வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கியவர்களைப் பதிந்த காலத்துக் கடதாசி. ஒருவரும் ஆசையாக வைத்திருப்பதில்லை, எறியப் பயந்து வைத்திருப்பார்கள். அம்மம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது 2000 நவம்பர் என்று எங்களுக்குச் சொன்னது அந்தத் துண்டுதான். நாங்கள் எல்லோரும் 2001 என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஆட்களிடம் கேட்பது. இதில்தான் நான் முதலில் சறுக்கினேன். ரொறன்ரோவிலிருக்கும் பெரிய மாமாவை எடுத்து, "மாமா, அம்மம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன். "அம்மா தெய்வமடி" என்றார். பிறகு அழுதார். பிறகு மாமி போனை வாங்கிவிட்டார். ஏழு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். (கொழும்பில் காலை 7 மணி அங்கே முதல்நாள் இரவு 9.30. மாரியில் 8.30. அதற்குப் பிந்தினால் கொட்டாவிதான் பதிவாகும்.) இந்தத் தடவை அம்மம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாமா, சாவகச்சேரி வீட்டுக் கிணத்துக்கு முதல் துலாவோ, கப்பியோ?" என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினார்.

துலாதான். கப்பி பிறகு வந்தது. துலா மிதிக்க ஆள் இல்லாத நாளில் அம்மம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே பட்டையில் இறைத்து வாழைக்கு விட்டாராம். அம்மப்பா கடையிலிருந்து வருவதற்குள் இறைப்பை முடித்து, குளித்து, திருநீறு பூசி, ஒன்றும் நடக்காததுபோல் இருப்பாராம். இது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே பொருளைக் கேளுங்கள், குணத்தைக் கேட்காதீர்கள். தேங்காய் துருவும் திருவலை எங்கே இருந்தது? அரிசி எதில் அளந்தது, சுண்டா கொத்தா? யாருக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி, யாருக்குக் கிளாசில்? இந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் சுடும். எங்கள் ஊர் வீடுகளில் அதற்குப் பின்னால் சாதி இருக்கும். பதில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், முகம் சுளிக்க வேண்டாம்.

வருடத்தையும் நேரே கேட்காதீர்கள். "எந்த வருசம்?" என்றால் எல்லோருக்கும் தலை சுற்றும். ஒரு முளையை அடித்து, அதற்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு நான் வைத்த முளைகள்: யாழ்தேவி ரயில் விட்டது 1956. "கோச்சி விட்ட அடுத்த வருசம் எனக்குக் கலியாணம்" என்று அம்மம்மா சொல்வது எல்லோருக்கும் ஞாபகம், ஆகவே 1957. 1964 டிசம்பர் புயல், சித்தி அப்போது கைக்குழந்தை. சிறிமாவோ காலத்துப் பாண் வரிசை. 1983 யூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்து சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. 1990இல் ரயிலும் மின்சாரமும் நின்று ஜாம் போத்தல் விளக்குக்குப் போனது. 1995 ஒக்டோபர் 30, வலிகாம இடப்பெயர்வு. 2000இல் எங்கள் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. உங்கள் ஊர் வேறென்றால் முளைகளும் வேறு; மட்டக்களப்பார் 1978 புயலை விட்டுவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மலையகத்தார் பிரஜாவுரிமையை விட்டுவிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இந்த முளைகளில் ஒன்றில் புத்தகம் தங்கி நிற்க வேண்டும். பிறப்பிலிருந்து இறப்புவரை எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதினால் அரச உத்தியோகத்தரின் சேவைக்கோவை மாதிரி வரும். எனக்கு அது 1995. வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நெருக்குப்பட்டுத் தென்மராட்சிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் 43 பேர் தங்கினார்கள். அம்மம்மாவுக்கு அப்போது 59 வயது. 'அனைவரையும் அரவணைத்தார்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் உறுதிப் பைக்குள் ஒரு கலண்டர்த் தாள் மடித்துக் கிடந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் இரவல் கொடுத்த சாமான் கணக்கு: 'கிடாரம் பெரிது 1 கொக்குவில் வாத்தியார். சருவச்சட்டி 2 அவவின் தங்கச்சி. திருவலை 1. பாய் 6.' கிடாரத்துக்கு, அந்தப் பெரிய சமையல் அண்டாவுக்கு, மட்டும் வெட்டுக்கோடு இல்லை. திரும்பி வரவில்லை. ஐந்து வருடம் கழித்து ஷெல்லுக்குள் ஓடும்போது உறுதியோடும் சாதகங்களோடும் அந்தத் தாளையும் கொண்டு வந்திருக்கிறார். கொழும்பிலும் 23 வருடம் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கிடாரத்தில் அவருக்கு அவ்வளவு கோபம்.

தாளை அப்படியே படம் எடுத்து ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டேன். பெயர் சொன்னால் சங்கடம் வரும் இடத்தை மட்டும் மறைத்தேன்.

அந்த 43 பேரில் ஒருத்தி, அப்போது எட்டு வயது, இப்போது எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அவர் சொன்னதில் பாதி குறைதான். காலை எட்டு மணிக்கு முன் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. தேத்தண்ணிக்குச் சீனி உள்ளங்கையில்தான், நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். சீனிப் போத்தல் அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் இவர் இரண்டாம் தடவை கை நீட்ட, "ஒருக்காத் தந்தனான்" என்று புறங்கையில் ஒரு தட்டு. "இதை எழுதாதையடி, அம்மாவைக் கஞ்சம் எண்டு நினைப்பினம்" என்றார் சித்தி. நான் எழுதினேன். சீனிக்கு என்ன விலை, எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பூட்டு விளங்கும். எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவு: உயிரோடு இருக்கிற யாருடைய மனமாவது புண்படுமென்றால் விடு. அம்மம்மாவின் புனிதப் பட்டம் மட்டும்தான் புண்படுமென்றால் எழுது. காணி வழக்கு ஒன்று இருந்தது, அதை விட்டுவிட்டேன்.

இனிப் பெயர்ப் பட்டியல். வம்ச விருட்சம் போடும்போது இறந்தவர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பது வழக்கம். எங்கள் சின்ன மாமா 1990இல் வீட்டிலிருந்து வெளியே போனவர், திரும்பவில்லை. அவருக்கு என்ன போடுவது? பெரிய மாமா 'காலஞ்சென்ற' போடச் சொன்னார். அம்மா பெயரையே எடுத்துவிடச் சொன்னார். நான் அர்ச்சனைத் துண்டுகளைப் பார்த்தேன். அம்மம்மா ஊரில் இருந்தவரை பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்கு நடந்தே போய்ப் பொங்குகிறவர். கொழும்புக்கு வந்த பிறகு அந்தத் திங்கள்களை மயூரபதி அம்மனிடம் கழித்தார். ஒவ்வொரு திங்களும் பிள்ளைகள் நாலு பேருக்கும் அர்ச்சனை. நாலாவது பெயர் சின்ன மாமா, உத்தரட்டாதி நட்சத்திரம். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. ஆகவே பட்டியலில் அவர் பெயரை முன்னால் எதுவும் சேர்க்காமல், நாலாவதாக, மற்றவர்களுடையதைப் போலவே போட்டேன். இதில் யாரோடும் வாதாடவில்லை, துண்டுகளை மேசையில் பரப்பிக் காட்டினேன்.

சமையல் குறிப்பு கட்டாயம் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று. அம்மம்மா வறுத்து இடித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து அனுப்பும் தூள்தான் நாங்கள் தெரிந்தெடுத்தது. 'ஒரு கை', 'அரைக் கை' என்ற கணக்கை எப்படி எழுதுவது? அம்மம்மாவோடு இடித்த சித்தியைக் கூப்பிட்டு, கண் அளவில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ என்று அவர் சொன்னது வாய்க்கணக்கு. தராசில் மல்லி 1 கிலோ 150 கிராம் காட்டியது. பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் அப்படியே நிறுத்து எழுதினோம். வறுபட்ட பதம் மட்டும் எழுத வரவில்லை. "மூக்கிலை ஏறோணும், கண்ணிலை ஏறக்கூடாது" என்றார் சித்தி. அதையே போட்டுவிட்டோம்.

சிவபுராணத்தை வெட்டிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் இருபது பிரதி இருக்கிறதே என்று நானும் முதலில் யோசித்தேன். வெட்டாதீர்கள். கொழும்பு வீடுகளில் பேப்பர் வைக்க இடமில்லை. கல்யாண அல்பமே கட்டிலுக்கடியில். கல்வெட்டு மட்டும் சாமியறையில் பிழைத்துக் கிடப்பது அந்த 95 அடிகளுக்காகத்தான். சிவபுராணம் இருக்கிற புத்தகத்தை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். அம்மம்மா அதன் நிழலில் இருக்கட்டும்.

படங்கள், அச்சு பற்றிச் சுருக்கமாக. பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் கண்ணாடியோடே எடுங்கள். தனியாக இருக்கும் சிறு படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். வெளிநாட்டார் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி வரும், டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 தாளை மடித்துப் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நாலால் பிரிபட வேண்டும். எங்களுடையது 28.

எழுத்துப் பிழைதான் பெரிய தலையிடி. நீங்கள் போனில் அடிப்பது யுனிகோட், அச்சகத்தில் பல வேளைகளில் பாமினி என்ற பழைய எழுத்துரு. மாற்றும்போது ஏதாவது விழும். என் மச்சாளின் பெயர் 'கௌரி' முதல் புரூஃபில் 'கெளரி' என்று ளகரத்தோடு வந்தது. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் கணினியில் தேடினால் அகப்படாது. அச்சுப் பிரதியைத் தாளில் எடுத்து, பெயர்களை மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். திரையில் பார்த்து ஓகே சொல்ல வேண்டாம். நான் அப்படி ஓகே சொல்லி, 'நன்றி நவிலல்' 'நன்றி நவில்' என்று அச்சாகி வந்தது.

200 அடித்தோம். திவசத்துக்கு வந்தவர்களுக்கு 110, தபாலில் ஊருக்கு 26. ஒரு பிரதியை நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க ஒதுக்கி வையுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்துகிறார்கள், நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். பிடிஎஃப் கோப்பையும் அச்சகத்திடமிருந்து மறக்காமல் வாங்குங்கள், பிறகு கேட்டால் கணினி மாற்றிவிட்டோம் என்பார்கள்.

பிரதி கிடைத்த மூன்றாம் நாள் சாவகச்சேரியிலிருந்து பக்கத்து வளவு அன்ரி எடுத்தார். "பிள்ளை, புத்தகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 17ஆம் பக்கத்திலை ஒரு பிழை விட்டிட்டாய். உங்கட கிணத்தடி மாமரம் வெள்ளைக்கொழும்பான். கறுத்தக்கொழும்பான் எங்கட வளவிலை நிண்டது. கொப்புத்தான் உங்கட பக்கம் சாஞ்சது."

அப்படியென்றால் சின்ன வயதில் வைகாசி ஆனிக்கு அம்மம்மா பெட்டி பெட்டியாகக் கொழும்புக்கு அனுப்பி நாங்கள் சாறு ஒழுகத் தின்ற கறுத்தக்கொழும்பான்கள் அன்ரி வீட்டுடையவை. மீதி இருந்த 64 பிரதிகளிலும் 17ஆம் பக்கத்தைப் பேனையால் திருத்தினேன்.